சாவடிக் கதவில் ஒட்டிய படிவம்: கென்யத் தேர்தல்களில் தகவல் தொழில்நுட்பம், 2007 முதல் 2022 வரை

2017 செப்டம்பர் 1 அன்று கென்ய உச்ச நீதிமன்றம், மூன்று வாரங்களுக்கு முன் அறிவிக்கப்பட்டிருந்த குடியரசுத் தலைவர் தேர்தல் முடிவு செல்லாது என்று தீர்ப்பளித்தது. வென்றதாக அறிவிக்கப்பட்டிருந்த உஹுரு கென்யாட்டா 82,03,290 வாக்குகளும் அடுத்து வந்த ரைலா ஒடிங்கா 67,62,224 வாக்குகளும் பெற்றிருந்தனர். வித்தியாசம் 14 லட்சத்துக்கும் அதிகம். வாக்குகள் தவறாக எண்ணப்பட்டன என்றோ, உண்மையில் வென்றவர் வேறொருவர் என்றோ நீதிபதிகள் சொல்லவில்லை. சாவடிகளில் எண்ணப்பட்ட தொகைகள் நைரோபியை வந்தடைந்த வழியை எவராலும் சரிபார்க்க முடியவில்லை என்பதும், அதைச் சரிபார்க்க நீதிமன்றமே உத்தரவிட்ட பிறகும் தேர்தல் ஆணையம் தன் சர்வர்களை முழுமையாகத் திறந்துகாட்டவில்லை என்பதுமே அந்தத் தீர்ப்பின் அச்சாணியாக இருந்தன. தேர்தலைக் கணினிமயமாக்க விரும்பும் எந்த நாடும் கென்யாவின் இந்தப் பதினைந்தாண்டு அனுபவத்தை ஊன்றிப் படிக்க வேண்டும் என்று நான் நினைக்கிறேன்.

மின்னணு வாக்கு இயந்திரத்தோடு பழகிய இந்திய வாசகர்களுக்கு ஒன்றை முதலிலேயே தெளிவுபடுத்திவிட வேண்டும். கென்யாவில் வாக்களிப்பது இன்றும் காகிதச் சீட்டில்தான். எண்ணுவதும் அந்தந்தச் சாவடியிலேயே, கட்சி முகவர்கள் பார்த்திருக்க, கையால்தான் நடக்கிறது. 2010ஆம் ஆண்டின் புதிய அரசமைப்புச் சட்டத்துக்குப் பிறகு ஒரே நாளில் ஆறு பதவிகளுக்குத் தேர்தல் நடப்பதால், ஒவ்வொரு வாக்காளரும் ஆறு சீட்டுகளில் குறியிடுகிறார். கணினி நுழைந்தது மூன்று இடங்களில் மட்டுமே: வாக்காளர் பட்டியலைத் தயாரிப்பதில், சாவடிக்கு வந்திருப்பவர் யார் என்று அடையாளம் காண்பதில், எண்ணி முடித்த தொகையைத் தலைநகருக்கு அனுப்புவதில். இந்த மூன்றில் கடைசியாகச் சொன்னதுதான் நாட்டை இருமுறை உலுக்கியது. புதிய கருவிகளை வாங்கியபோதெல்லாம் மக்களின் நம்பிக்கை கூடிவிடவில்லை. அந்தக் கருவிகள் சுமந்துவந்த தாளை நாட்டில் எவரும் எடுத்துப் பார்க்கலாம் என்ற நிலை வந்தபோதுதான் அது கூடத் தொடங்கியது.

2007: எண்கள் மட்டும் வந்து சேர்ந்த தேர்தல்

2007 டிசம்பர் 27 அன்று நடந்த தேர்தலில் தொகுதிகளிலிருந்து முடிவுகள் தொலைபேசி வழியாகவும் தொலைநகல் வழியாகவும் நைரோபிக்கு வந்துகொண்டிருந்தன. முதலில் ஒடிங்கா முன்னணியில் இருந்தார். பிறகு பதவியிலிருந்த ம்வாய் கிபாகி அவரைத் தாண்டினார். டிசம்பர் 30 மாலை கிபாகி வென்றதாக அறிவிக்கப்பட்டது. சற்று நேரத்துக்குள், பொழுது சாயும் வேளையில், அவர் பதவிப் பிரமாணமும் எடுத்துக்கொண்டார். அடுத்த சில வாரங்களில் வெடித்த வன்முறையில் 1,100க்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டனர், பல லட்சம் பேர் வீடிழந்தனர். ஐக்கிய நாடுகள் சபையின் முன்னாள் பொதுச்செயலாளர் கோஃபி அன்னான் நடுவராக இருந்து பேச்சு நடத்தியபின், 2008 பிப்ரவரி 28 அன்று அதிகாரப் பகிர்வு உடன்பாடு கையெழுத்தானது.

தேர்தலில் என்னதான் நடந்தது என்று ஆராய அமைக்கப்பட்ட குழுவுக்குத் தலைமை வகித்தவர், தென்னாப்பிரிக்காவின் 1994 தேர்தலை நடத்திய ஆணையத்தின் தலைவராக இருந்த ஓய்வுபெற்ற நீதிபதி யோகான் கிரீக்லர். அவரது குழுவின் அறிக்கை இரு தரப்புக்கும் கசப்பாகவே இருந்தது. பதிவான தகவல்கள் அவ்வளவு சீர்கெட்டுக் கிடந்ததால், உண்மையில் யார் வென்றார் என்பதை இனி எவராலும் நிறுவ முடியாது என்று அது கூறியது. வாக்காளர் பட்டியலில் இறந்தவர்களின் பெயர்கள் ஏறத்தாழ 12 லட்சம் இருந்தன. அதே வேளையில் வாக்குரிமை பெறும் வயதை எட்டியவர்களில் மூன்றில் ஒரு பங்கினர், குறிப்பாகப் பெண்களும் இளைஞர்களும், பட்டியலிலேயே இல்லை. இரு தரப்புக் கோட்டைகளிலும் சில சாவடிகளில் பதிவான வாக்கு விகிதம் நம்ப முடியாத உயரத்தில் இருந்தது. இறந்தவர்களின் பெயர்கள் பட்டியலில் இருப்பதும் வாக்குப்பதிவு மிகையாக உயர்வதும் ஒன்றுக்கொன்று துணை நிற்பவை. சாவடியில் எதிர்க்கட்சி முகவர் இல்லாத இடத்தில் அந்தப் பெயர்களுக்குரிய சீட்டுகளைப் பெட்டிக்குள் திணிக்க முடியும்.

பழைய ஆணையத்தைக் கலைத்து, பட்டியலைப் புதிதாக எழுதி, முடிவுகளை மின்னணு வழியில் அனுப்பும் ஏற்பாட்டைச் செய்யும்படி கிரீக்லர் குழு பரிந்துரைத்தது. கென்யாவின் தொழில்நுட்பப் பயணம் இங்கிருந்துதான் தொடங்குகிறது. 2010 ஆகஸ்ட் 4 அன்று புதிய அரசமைப்பு குறித்து நடந்த பொது வாக்கெடுப்பில், 18 தொகுதிகளில் கணினி வழிப் பதிவு சோதிக்கப்பட்டது. முடிவுகள் செல்பேசி வழியாக விரைவாகவும் ஒழுங்காகவும் வந்தன. அந்த வெற்றி எல்லோருக்கும் ஊக்கமளித்தது. ஆனால் ஆம், இல்லை என்று ஒரே கேள்விக்கு விடை சொல்லும் வாக்கெடுப்பையும், ஆறு பதவிகளுக்கு ஒரே நாளில் நடக்கும் கடும் போட்டியையும் ஒரே அளவுகோலால் அளந்தது பின்னால் விலை கொடுக்கவேண்டிய கணக்காயிற்று.

பதிவு: கைரேகையால் முடிந்ததும் முடியாததும்

2011இல் உருவான சுதந்திரத் தேர்தல் மற்றும் எல்லை வரையறை ஆணையம் பயோமெட்ரிக் முறையில், அதாவது கைரேகை போன்ற உடல் அடையாளங்களைப் பதிந்து, புதிய பட்டியலைத் தயாரிக்க முடிவுசெய்தது. கருவிகள் வாங்குவதற்கான ஒப்பந்தப்புள்ளி சர்ச்சையில் சிக்கி, 2012 ஜூலை இறுதியில் ரத்தானது. பிறகு அரசே தலையிட்டு, கனடா அரசு சார்ந்த வணிக நிறுவனம் ஒன்றின் வழியாகக் கடனுக்கு ஏற்பாடு செய்து, பிரெஞ்சு சாஃப்ரான் குழுமத்தைச் சேர்ந்த மோர்ஃபோ நிறுவனத்திடமிருந்து ஏறத்தாழ 15,000 பதிவுப் பெட்டிகளை வாங்கியது. ஒவ்வொரு பெட்டியிலும் ஒரு மடிக்கணினி, கைரேகை வருடி, கேமரா ஆகியவை இருந்தன. இந்தத் தாமதத்தால், பல மாதங்கள் நடந்திருக்க வேண்டிய பதிவுப் பணி நவம்பர் 19 முதல் டிசம்பர் 18 வரையிலான முப்பது நாட்களில் அடங்கிப்போனது. இலக்கு 1.8 கோடி, பதிவானோர் ஏறத்தாழ 1.43 கோடி.

பயோமெட்ரிக் பதிவு எதைச் செய்யும் என்பதை நிதானமாகப் புரிந்துகொள்ள வேண்டும். ஒருவர் இரண்டு ஊர்களில் இரண்டு பெயர்களில் பதிந்திருந்தால், கைரேகைகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டு அதைக் கண்டுபிடிக்க முடியும். அந்த வேலையை அது ஓரளவுக்கு நன்றாகவே செய்தது. ஆனால் பதிந்துவிட்டுப் பின்னர் இறந்துபோனவரைப் பற்றிக் கருவிக்கு எதுவும் தெரியாது. அதைச் சொல்ல வேண்டியது இறப்புப் பதிவேடு. கென்யாவில் நிகழும் இறப்புகளில் கணிசமான பகுதி எங்கும் பதிவாவதில்லை. 2017 தேர்தலுக்கு முன் கேபிஎம்ஜி நிறுவனம் 1.96 கோடிப் பெயர்கள் கொண்ட பட்டியலைத் தணிக்கை செய்தபோது, கிடைத்த இறப்புப் பதிவுகளோடு ஒப்பிட்டு ஏறத்தாழ 90 ஆயிரம் பெயர்களை மட்டுமே அடையாளம் காண முடிந்தது. பதிவாகாத இறப்புகளையும் கணக்கில் எடுத்தால் பட்டியலில் 10 லட்சத்துக்கும் மேற்பட்ட இறந்தவர்கள் இருக்கக்கூடும் என்று அது மதிப்பிட்டது. கிரீக்லர் சொன்ன 12 லட்சத்துக்கும் இதற்கும் இடையே எவ்வளவு பணம் செலவழிந்தது என்பதை எண்ணிப்பார்க்கும்போது மனம் கனக்கிறது.

கருவியால் தீராத இன்னொரு குறையும் உண்டு. வாக்காளராகப் பதிய தேசிய அடையாள அட்டையோ கடவுச்சீட்டோ வேண்டும். கென்யாவின் சோமாலிய இனத்தவரும் நூபியர்களும் அந்த அட்டையைப் பெறவே நெடுங்காலமாகத் தனி விசாரணைக் குழுக்களின் முன் நின்று, தாம் இந்த நாட்டினரே என்று நிரூபிக்க வேண்டியிருந்தது. அட்டை கிடைக்காத இளைஞர் பதிவுப் பெட்டியின் முன்னால் வந்து நிற்கவே முடியாது என்பதால், பட்டியல் எவ்வளவு நேர்த்தியாக இருந்தாலும் அவருடைய இன்மை அதில் புலப்படாது.

2013: சார்ஜ் தீர்ந்த கருவிகளும் எட்டால் பெருகிய எண்ணும்

2013 மார்ச் 4 அன்று வாக்காளர்களைக் கைரேகையால் அடையாளம் காண வேண்டிய கருவிகள் பெரும்பாலான சாவடிகளில் செயலிழந்தன. பல சாவடிகள் மின் இணைப்பில்லாத பள்ளிக்கூடங்களில் இருந்தன. பேட்டரி தீர்ந்தபின் சார்ஜ் செய்ய வழியில்லை. சில இடங்களில் கருவியைத் திறப்பதற்கான கடவுச்சொல் அலுவலர்களிடம் இல்லை. அலுவலர்கள் அச்சிட்ட பட்டியலுக்குத் திரும்பினார்கள், வாக்குப்பதிவு நிற்கவில்லை. அந்த நெருக்கடியிலும் நிதானம் இழக்காமல் நீண்ட வரிசைகளை நடத்திச்சென்ற அலுவலர்களுக்கும், மணிக்கணக்கில் காத்திருந்த வாக்காளர்களுக்கும் அந்த நாளின் பெருமை சேர வேண்டும்.

அடையாளக் கருவி பழுதானால் வரிசை நீளும், அவ்வளவுதான் என்று தோன்றலாம். உண்மையில் அந்தக் கருவிக்கு இன்னொரு பயன் இருந்தது. எத்தனை பேர் நேரில் வந்து வாக்களித்தார்கள் என்று அது தனியே ஒரு கணக்கு வைக்கிறது. பெட்டியில் உள்ள சீட்டுகளின் எண்ணிக்கையை அதோடு பொருத்திப் பார்த்தால் திணிப்பு நடந்திருந்தால் தெரிந்துவிடும். 2007இல் இல்லாமற்போன பாதுகாப்பு அதுதான். கருவி அணைந்தபோது அந்த இரண்டாவது கணக்கும் மறைந்துவிட்டது.

மாலையில் செல்பேசி வழியாக வந்த தற்காலிக முடிவுகள் தொலைக்காட்சித் திரைகளில் ஓடின. அவற்றில் செல்லாத வாக்குகளின் எண்ணிக்கை மூன்று லட்சத்தைத் தாண்டி ஏறிக்கொண்டே போனது. பிறகு, மென்பொருளில் இருந்த ஒரு பிழை அந்த எண்ணை எட்டால் பெருக்கிக்கொண்டிருந்தது என்று ஆணையம் தெரிவித்தது. ஏதோ ஒரு சில்லறைப் பிழை என்று இதை ஒதுக்கிவிட முடியவில்லை. ஏனென்றால் முதல் சுற்றிலேயே வெல்வதற்குப் பாதிக்கு மேல் வாக்கு வேண்டும், செல்லாத வாக்குகளையும் மொத்தத்தில் சேர்ப்பதா கூடாதா என்பதைப் பொறுத்து அந்தப் பாதி மாறும். இறுதி அறிவிப்பில் கென்யாட்டா பெற்றது 50.07 சதவீதம், பாதியைத் தாண்டிய அளவு எட்டாயிரத்துச் சொச்சம் வாக்குகள் மட்டுமே. இதற்கிடையில் முடிவுகளைத் திரட்டிய சர்வரின் சேமிப்பிடம் நிரம்பி, அது நின்றுபோனது. ஆணையம் மின்னணு வழியைக் கைவிட்டு, தொகுதி அலுவலர்களை மூலப் படிவங்களோடு நைரோபிக்கு வரச்சொன்னது. நாடு ஐந்து நாள் காத்திருந்தது.

ஒடிங்கா தொடுத்த வழக்கை 2013 மார்ச் 30 அன்று தலைமை நீதிபதி வில்லி முட்டுங்கா தலைமையிலான உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. தொழில்நுட்பம் குறையின்றி இயங்குவது அரிது, சட்டம் கையால் நடத்தும் முறைக்கு இடமளித்திருந்தது என்பது அந்த அமர்வின் நிலைப்பாடு. செல்லாத வாக்குகளை விகிதக் கணக்கில் சேர்க்கக்கூடாது என்றும் அது முடிவுசெய்தது. சட்டப்படி அந்தத் தீர்ப்பில் தவறு காண்பது கடினம். ஆனால் கருவி ஏன் நின்றது, யார் பொறுப்பு என்ற கேள்விகளுக்கு விடை தேடும் வாய்ப்பும் அதோடு போய்விட்டது.

2017: சட்டம் முன்னே போக, ஆணையம் பின்தங்கியது

2016இல் தேர்தல் ஆணையர்களை மாற்றக் கோரி எதிர்க்கட்சியினர் தெருவில் இறங்கிப் போராடினர். காவல்துறையின் கடுமையான தாக்குதலில் உயிர்களும் பலியாயின. அதன்பின் இரு தரப்பும் பேசி, தேர்தல் சட்டத்தைத் திருத்தின. பதிவு, அடையாளம் காணல், முடிவு அனுப்புதல் மூன்றையும் ஒருங்கிணைத்த ஒரே மின்னணு அமைப்பு கட்டாயமாயிற்று. குடியரசுத் தலைவர் தேர்தல் முடிவைச் சாவடியிலிருந்து தொகுதி மையத்துக்கும் தேசிய மையத்துக்கும் மின்னணு வழியில் அனுப்பவேண்டும் என்றும், எண்களை மட்டுமல்லாமல் அவை எழுதப்பட்ட படிவத்தையே அனுப்பவேண்டும் என்றும் சட்டம் சொன்னது.

அந்தப் படிவத்தின் பெயர் 34ஏ. ஒவ்வொரு சாவடியிலும் எண்ணிக்கை முடிந்ததும் தலைமை அலுவலர் அதை நிரப்புவார். முகவர்கள் கையொப்பமிட்டுப் பிரதி பெற்றுக்கொள்வார்கள். ஒரு பிரதி சாவடியின் கதவில் ஒட்டப்படும். தொகுதியின் எல்லா 34ஏ படிவங்களையும் கூட்டி எழுதுவது 34பி. நாட்டின் எல்லாத் தொகுதிகளையும் கூட்டுவது 34சி. கூட்டல் எங்கே தவறினாலும் கடைசியில் 34ஏ படிவத்துக்குத் திரும்பிப் பார்க்கலாம். தேர்தலுக்கு ஒன்றரை மாதம் முன்பு, மேல்முறையீட்டு நீதிமன்றம் மைனா கியாய் வழக்கில், தொகுதியில் அறிவிக்கப்படும் எண்ணே இறுதியானது, நைரோபியில் அமர்ந்திருப்பவர் அதை மாற்ற முடியாது என்று தீர்ப்பளித்தது. 2007இன் காயத்தை நேரடியாக நோக்கிய தீர்ப்பு அது.

இந்த முறை 45,000 டேப்லெட்டுகள் வாங்கப்பட்டன. ஒரே கருவி கைரேகையைப் பார்க்கும், வாக்களித்தவரைக் குறித்துக்கொள்ளும், மாலையில் எண்களையும் 34ஏ படிவத்தின் படத்தையும் அனுப்பும். கைரேகை தேய்ந்துபோன உழைப்பாளிகளின் அட்டை எண்ணைத் தேடி எடுத்து, முகவர்கள் முன்னிலையில் ஒரு தனிப் படிவத்தில் குறித்துவிட்டு வாக்களிக்கவிடும் வழியும் இருந்தது. அடையாளம் காணும் பகுதி 2013உடன் ஒப்பிட முடியாத அளவு சீராக இயங்கியது என்பதைப் பதிவு செய்யவேண்டும்.

தேர்தலுக்குப் பத்து நாட்களே இருந்தபோது, ஆணையத்தின் தகவல் தொழில்நுட்ப மேலாளர் கிறிஸ் மசாண்டோ காணாமற்போய், நைரோபிக்கு வெளியே உடலில் சித்திரவதைக் காயங்களோடு இறந்துகிடந்தார். முடிவு அனுப்பும் அமைப்பை உருவாக்கியவர்களுள் முக்கியமானவர் அவர். அது எப்படி முறைகேட்டைத் தடுக்கும் என்று தொலைக்காட்சியில் பொறுமையாக விளக்கிவந்தவரும் அவரே. அவரைக் கொன்றவர்கள் யார் என்பது இதுவரை நீதிமன்றத்தில் நிரூபிக்கப்படவில்லை. தேர்தல் தொழில்நுட்பத்தைப் பற்றி எழுதும்போது குறியாக்கத்தையும் சர்வரையும் பற்றி மட்டும் பேசிவிட்டு இந்த மனிதரைக் கடந்துபோவது நேர்மையாகாது.

ஆகஸ்ட் 8 இரவு முடிவுகள் வரத் தொடங்கின. ஆணையத்தின் இணையதளத்தில் எண்கள் வேகமாக ஏறின. ஆனால் அந்த எண்களுக்குப் பின்னால் இருக்கவேண்டிய 34ஏ படங்கள் கூடவே வரவில்லை. 11,000க்கும் மேற்பட்ட சாவடிகள் 3ஜி இணைப்பு எட்டாத இடங்களில் இருந்தன என்றும், அங்குள்ள அலுவலர்கள் இணைப்புள்ள இடத்துக்குப் போய்ப் படத்தை அனுப்புவார்கள் என்றும் விளக்கப்பட்டது. நாட்டில் இருந்த சாவடிகள் மொத்தம் 40,883 என்பதால், இந்தச் சிக்கல் கால்வாசிக்கும் மேற்பட்ட சாவடிகளைத் தொட்டது. மசாண்டோவின் உள்நுழைவுக் கணக்கைப் பயன்படுத்தி யாரோ கணினி அமைப்புக்குள் ஊடுருவினர் என்று ஒடிங்கா தரப்பு குற்றஞ்சாட்டியது, ஆணையம் மறுத்தது. ஆகஸ்ட் 11 அன்று, எல்லா 34ஏ படிவங்களும் கையில் வருவதற்கு முன்பே, 34பி படிவங்களை வைத்து முடிவு அறிவிக்கப்பட்டது. வெளிநாட்டிலிருந்து வந்த பார்வையாளர் குழுக்கள் வாக்குப்பதிவைப் பாராட்டின. சாவடி வாசலில் காண முடிந்ததை அவர்கள் கண்டார்கள். சர்வருக்குள் நடந்ததைக் காண அவர்களுக்கும் வழியில்லை.

வழக்கு விசாரணையின்போது, சர்வர்களையும் அவற்றின் செயல்பாட்டுப் பதிவுக் குறிப்புகளையும் மனுதாரர்களும் நீதிமன்றம் நியமித்த வல்லுநர்களும் பார்க்க அனுமதிக்கும்படி உச்ச நீதிமன்றம் ஆணையத்துக்கு உத்தரவிட்டது. பாதுகாப்பைக் காரணம் காட்டி ஆணையம் அரைகுறையாகவே திறந்தது. படிவங்களை நீதிமன்றப் பதிவாளர் ஆராய்ந்தபோது, 34பி படிவங்களில் ஐம்பதுக்கும் மேற்பட்டவற்றில் நீர்க்குறி இல்லை, சிலவற்றில் வரிசை எண் இல்லை. தலைவரை அறிவித்த 34சி படிவத்திலேயே எதிர்பார்க்கப்பட்ட பாதுகாப்பு அடையாளங்கள் இல்லை. ஆறு நீதிபதிகளில் நால்வர் அடங்கிய பெரும்பான்மை, ஆணையத்தின் மறுப்பிலிருந்து அதற்குப் பாதகமான ஊகத்தையே எடுக்க முடியும் என்றது: அமைப்புக்குள் யாரோ ஊடுருவியிருக்க வேண்டும், அல்லது ஆணையத்தின் ஆட்களே தலையிட்டிருக்க வேண்டும், அதுவும் இல்லையென்றால் அனுப்பும் பணியில் தோற்றுவிட்டதை ஒப்புக்கொள்ள மனமில்லாமல் இருக்க வேண்டும். தலைமை நீதிபதி டேவிட் மராகா, தேர்தல் என்பது ஒருநாள் நிகழ்ச்சி மட்டுமன்று, தொடக்கம் முதல் முடிவு வரையிலான நடைமுறை முழுவதும் சேர்ந்ததே தேர்தல் என்ற கருத்தை முன்வைத்தார்.

மாறுபட்ட தீர்ப்பு எழுதிய இருவரில் ஒருவரான நீதிபதி ந்ஜோகி ந்டுங்குவின் வாதம் எளிதில் தள்ளக்கூடியதன்று. அவர் புகாருக்குள்ளான 34ஏ மூலப் படிவங்களையே எடுத்துப் பார்த்து, அவை பெரிதும் ஒழுங்காக இருப்பதாகக் கண்டார். காகிதம் சரியாக இருக்கையில் மின்னணு வழியின் குறைக்காக மக்களின் வாக்கைத் தள்ளலாமா என்று கேட்டார். இருந்தாலும் பெரும்பான்மைத் தீர்ப்பின் பக்கமே என் மனம் நிற்கிறது. மூலப் படிவம் நீதிபதியின் மேசையில் மூன்று வாரம் கழித்துச் சரியாக இருந்தால் போதாது. முடிவு அறிவிக்கப்படும் நேரத்தில் அதை நாடு பார்க்க முடிந்திருக்க வேண்டும். அந்தப் பார்வையை உறுதிசெய்யத்தான் சட்டம் படத்தை அனுப்பச் சொன்னது.

அக்டோபர் 26 அன்று நடந்த மறுதேர்தலை ஒடிங்கா புறக்கணித்தார். ஆணையர் ரோஸ்லின் அகோம்பே உயிருக்கு அஞ்சி நாட்டைவிட்டு வெளியேறிப் பதவி விலகினார். கென்யாட்டா 98 சதவீத வாக்குகளோடு வென்றதாக அறிவிக்கப்பட்டது. வாக்களித்தவர்கள் நாற்பது சதவீதத்துக்கும் குறைவு.

2022: எவரும் தரவிறக்கலாம்

2022 ஆகஸ்ட் 9 தேர்தலுக்குக் கருவிகளையும் மென்பொருளையும் வழங்கும் பொறுப்பு ஸ்மார்ட்மேட்டிக் நிறுவனத்துக்குப் போனது. பதிவான வாக்காளர்கள் 2.21 கோடி; சாவடிகள் 46,229. உண்மையான மாற்றம் நிறுவனத்தில் இல்லை. ஒவ்வொரு சாவடியின் 34ஏ படமும் வந்த கணமே பொது இணையதளத்தில் ஏறியது. கடவுச்சொல்லோ விண்ணப்பமோ இன்றி எவரும் அதைத் தரவிறக்கிக்கொள்ளலாம். வாக்குப்பதிவு முடிந்த மறுநாளே பெரும்பான்மையான படங்கள் வந்துவிட்டன. கட்சி முகவர் தன் கையிலிருந்த பிரதியை இணையத்தில் இருந்த படத்தோடு ஒப்பிட்டார். ஊர்க்காரர் ஒருவர் கதவில் ஒட்டியிருந்ததைச் செல்பேசியில் படமெடுத்து ஒப்பிட்டார். படிவத்தில் யாராவது கைவைத்தால் மூன்று இடங்களிலும் கைவைக்க வேண்டும் என்ற நிலை உருவானது.

குறைகள் இல்லாமல் இல்லை. ஆணையம் படங்களை வெளியிட்டதே தவிர, ஏறிவரும் மொத்தத் தொகையை வெளியிடவில்லை. ஒவ்வொரு தொலைக்காட்சி நிறுவனமும் தனக்குத் தோன்றிய வரிசையில் படிவங்களை எடுத்துக் கூட்டியதால், ஒரே நேரத்தில் ஒரு திரையில் வில்லியம் ரூட்டோ முன்னணியில் இருந்தார், இன்னொரு திரையில் ஒடிங்கா. மக்கள் குழம்பினர்; சில நாட்களில் நிறுவனங்கள் கூட்டுவதையே நிறுத்திக்கொண்டன. கையால் எழுதிய நாற்பத்தாறாயிரம் தாள்களைப் படித்துக் கூட்டுவது தனிமனிதரால் ஆகிற காரியமன்று. படத்தோடு அதன் எண்களையும் அட்டவணையாகத் தந்திருந்தால் அந்தப் பதற்றம் பெருமளவு தவிர்ந்திருக்கும்.

ஆகஸ்ட் 15 அன்று ஆணையத் தலைவர் வாஃபுலா செபுகாட்டி, ரூட்டோ 71,76,141 வாக்குகளோடு (50.49 சதவீதம்) வென்றதாகவும் ஒடிங்கா 69,42,930 வாக்குகள் (48.85 சதவீதம்) பெற்றதாகவும் அறிவித்தார். ஏழு ஆணையர்களில் நால்வர் அந்த முடிவுக்குத் தாங்கள் பொறுப்பல்ல என்று விலகிநின்றனர். நான்கு வேட்பாளர்களின் சதவீதங்களைக் கூட்டினால் 100.01 வருகிறது, இந்த மிகை 1,42,000 வாக்குகளுக்குச் சமம் என்பது அவர்கள் கூறிய காரணங்களில் ஒன்று. தசமத்தில் இரண்டு இடத்துக்குச் சுருக்கும்போது இத்தகைய மிகை வருவது இயல்பு, அதோடு, 1.42 கோடியில் 0.01 சதவீதம் என்பது 1,420 மட்டுமே. நாடு தீப்பிடிக்கும் நிலையில் இருந்த ஒரு மாலையில், தேர்தல் ஆணையர்களே இந்தக் கணக்கை முன்வைத்தது வேதனையானது. ஆனால் அன்று படிவங்கள் பொதுவெளியில் இருந்தன; கூட்டிப் பார்க்க விரும்பியவர்கள் கூட்டிப் பார்த்தார்கள்.

செப்டம்பர் 5 அன்று தலைமை நீதிபதி மார்த்தா கூமே தலைமையிலான ஏழு நீதிபதிகளும் ஒருமித்து முடிவை உறுதிசெய்தனர். 34ஏ படிவங்கள் வழியில் இடைமறிக்கப்பட்டு மாற்றப்பட்டன என்ற குற்றச்சாட்டை, மூலப் படிவங்கள், முகவர்களின் பிரதிகள், இணையதளப் படங்கள் ஆகியவற்றை ஒப்பிட்டு நீதிமன்றம் நிராகரித்தது. 2017இல் ஆணையத்தின் மௌனம் அதற்கே எதிராகத் திரும்பியது. 2022இல் எவரும் காணக் கிடந்த தாள்கள் அதைக் காப்பாற்றின. இருந்தாலும், தன் அறிவுச் சொத்துரிமையைக் காரணம் காட்டி சர்வரை முழுமையாகத் திறக்க மென்பொருள் நிறுவனம் தயங்கியது கவலைக்குரியது. அந்தச் சிக்கலை இனி ஒப்பந்தம் எழுதும் கட்டத்திலேயே தீர்த்துக்கொள்ள வேண்டும். தேர்தல் காலத்தில் சர்வர்களை ஆணைய ஊழியர்கள் மட்டுமே அணுக வேண்டும், தேர்தலுக்கும் அன்றாட அலுவலகப் பணிக்கும் தனித்தனி சர்வர்கள் வேண்டும் என்று நீதிமன்றம் அறிவுறுத்தியது.

இந்தியாவிலும் இதற்கு இணையான ஒரு தாள் உண்டு. சாவடியில் பதிவான வாக்குகளின் கணக்கைக் குறிக்கும் 17சி படிவம் முகவர்களுக்குத் தரப்படுகிறது. 2024 மக்களவைத் தேர்தலின்போது அதை இணையத்தில் வெளியிடக் கோரியபோது, படங்களைத் திரித்துப் பரப்பக்கூடும் என்று இந்தியத் தேர்தல் ஆணையம் எதிர்த்தது. உச்ச நீதிமன்றமும் தேர்தல் நடந்துகொண்டிருந்த அந்தக் கட்டத்தில் இடைக்கால உத்தரவு பிறப்பிக்க மறுத்தது. அந்த அச்சத்துக்குக் கென்யாவின் 2022 ஒரு நடைமுறை விடையைத் தருகிறது. மூலத்தை ஆணையமே முதலில் வெளியிட்டுவிட்டால், திரித்த படத்தை எதனோடு ஒப்பிடுவது என்பது எல்லோருக்கும் தெரிந்திருக்கும்.

தீராமல் நிற்பவை

முடிவு அறிவிப்பில் கண்ட முன்னேற்றம் பட்டியலில் இல்லை. 2022 தேர்தலுக்கு முன் கேபிஎம்ஜி மீண்டும் தணிக்கை செய்தபோது, இறந்தவர்கள் என்று அடையாளம் காணப்பட்ட பெயர்கள் மட்டுமே ஏறத்தாழ 2.46 லட்சம், ஒரே ஆள் ஒன்றுக்கு மேற்பட்ட முறை பதிந்தவையும், பிறருடைய அட்டை எண்ணில் பதிந்தவையும் லட்சக்கணக்கில் இருந்தன. தனிநபர் தகவல்களின் நிலையும் கவலை தருவதே. 2021இல் ஓர் அரசு இணையதளத்தில் தேடிப் பார்த்த கென்யர்கள் பலர், தங்கள் ஒப்புதலே இல்லாமல் ஏதோ ஒரு கட்சியின் உறுப்பினராகப் பதியப்பட்டிருப்பதைக் கண்டு கொதித்தனர். தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2019லேயே இயற்றப்பட்டிருந்தும் இது நடந்தது.

2023 ஜனவரியில் செபுகாட்டியின் பதவிக்காலம் முடிந்தபின், புதிய தலைவரும் ஆணையர்களும் 2025 ஜூலையில்தான் பொறுப்பேற்றனர். இரண்டரை ஆண்டுகள் ஆணையமே இல்லாததால், எல்லை வரையறை முதல் இடைத்தேர்தல் வரை எல்லாம் தேங்கின. 2013, 2017, 2022 ஆகிய மூன்று வழக்குகளுக்கும் காரணராக இருந்த ஒடிங்கா, 2025 அக்டோபரில், ஆயுர்வேத சிகிச்சைக்காக வந்திருந்த கேரளத்தின் கூத்தாட்டுக்குளத்தில் காலமானார். அதற்குச் சில வாரங்கள் முன்பு, செப்டம்பர் 29 அன்று, தொடர் வாக்காளர் பதிவு மீண்டும் தொடங்கியிருந்தது. கைரேகையோடு கருவிழிப் பதிவும் இப்போது சேர்க்கப்பட்டிருக்கிறது. கைரேகை தேய்ந்தவர்களுக்கு அது உதவும். ஆனால் இறப்புப் பதிவேட்டை ஆணையத்தோடு இணைப்பதும், எல்லைப்புற மாவட்டங்களில் அடையாள அட்டையைத் தாமதமின்றி வழங்குவதும், ஒவ்வொரு 34ஏ படத்தோடும் அதன் எண்களை அட்டவணையாக வெளியிடுவதும் கருவி விற்பவர்களால் ஆகிற வேலைகளல்ல. அவற்றைச் செய்து முடிக்கப் புதிய ஆணையத்துக்கு 2027 ஆகஸ்ட் தேர்தல் வரைதான் காலம் இருக்கிறது.